கிழமைக் கடனுக்கு ஒரு கொப்பிக் கணக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பெரும்போக வெள்ளாமை வெட்டி நெல் விற்ற காசு கைக்கு வந்ததும், முதலில் யாருக்குப் போகிறது? வாசலில் வந்து சத்தம் போடுபவருக்குத்தான். சரி, அதற்கு முன் கொப்பியை எடுங்கள். 50,000 ரூபாய் கடனுக்குக் கிழமைக்கு 1,200 வீதம் 52 கிழமை கட்டினால் மொத்தம் 62,400. வட்டி 25 சதவீதம் போலத் தெரியும். ஆனால் முதலும் கிழமைதோறும் கரைகிறதே, சராசரியாகப் பாதிக் காசுதான் உங்கள் கையில் நிற்கும். உண்மையான வட்டி வருடத்துக்கு 45 சதவீதத்தை ஒட்டி வரும்!

இந்தக் கடனை முந்தி முடித்தால் மிச்ச வட்டியைக் கழிப்பார்களா என்று கடன் தந்தவர்களிடம் கேளுங்கள். கழித்தால் அதையே முதலில் அடையுங்கள். கழிக்காவிட்டால் அவசரம் வேண்டாம். தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டு, கைக்காசில் அடகு நகையை மீட்கலாம்.