கோஆர்டினேட்டராகவே நின்றுவிடாமல் இயக்குநராவது எப்படி

சிங்கப்பூரில் தமிழ்த் தொலைக்காட்சி நாடகம் இயக்க ஆசைப்படும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, என்ன படிக்கலாம் என்றுதான். நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியோ லசால் கலைக் கல்லூரியோ, எதுவானாலும் சரி. முடித்ததும் எந்த வேலையில் நுழைகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

பெண் என்றால் தயாரிப்பு நிறுவனங்கள் கோஆர்டினேட்டர் வேலையைத்தான் நீட்டும். பொறுப்பாகச் செய்வோமாம்! சாப்பாடு, வேன், கால்ஷீட் என்று நன்றாக ஓடினால் அடுத்த தொடரிலும் அதே வேலைதான். மானிட்டர் பக்கம் எட்டிப்பார்க்கவே நேரமிருக்காது. கன்டினியூட்டி கேளுங்கள், அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருக்கிறதா என்று குறித்துவைக்கும் வேலை. அம்மா எந்தக் கையில் டம்ளர் வைத்திருந்தார், எந்தச் சொல்லில் எழுந்தார் என்று குறிக்கக் குறிக்க, எடிட்டிங்கில் எந்த ஷாட் எதோடு ஒட்டும் என்பது பிடிபட்டுவிடும்.

அப்புறம், இயக்குநர் எடுப்பதற்கு முன் காட்சியை நீங்களே ஷாட் பிரித்துப் பாருங்கள். பட்டியலை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். இங்கே கேமராக்காரர் பெரும்பாலும் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருப்பார். வசனம் எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியாது. கேமரா நகரவேண்டிய இடத்தில் தோளைத் தட்டுவேன் என்று முன்பே பேசிவையுங்கள். ஒத்திகையில் அவருடைய முகத்தையும் கவனியுங்கள். தமிழ் தெரியாதவருக்கே சலிப்புத் தட்டினால், அந்த இடத்தில் நடிப்பு குறைவு, பேச்சு அதிகம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் படப்பிடிப்பு என்றால் முதலில் சமையலறையைப் போய்ப் பாருங்கள். இரண்டு நடிகர்கள், ஒரு கேமரா, மைக் பிடிப்பவர் நின்றாலே நிறைந்துவிடும். துணி காயப்போடும் பக்கத்திலிருந்து கூடத்தை நோக்கி எடுத்தால் கொஞ்சம் ஆழம் கிடைக்கும். வீட்டுக்குள் பாம் ஷெல்ட்டர் என்ற பாதுகாப்பு அறை இருந்தால், பெட்டிகளையெல்லாம் அதற்குள் தள்ளிவிடலாம். தாழ்வாரத்திலோ புளோக் கீழ்த்தளத்திலோ எடுக்க நகர மன்ற அனுமதி வேண்டும். வீட்டுக்காரர் தலையாட்டினால் போதாது.

நடிகர்கள் பலர் பகலில் அலுவலகம் போகிறவர்கள். அழுகைக் காட்சியை இரவுக் கடைசியில் வைத்தால் கொட்டாவிதான் வரும்.

சினிமா பக்கம் போக நினைத்தால் குறும்படத்தில் தொடங்குங்கள். 2017ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழா வரை போன நம்மூர் இயக்குநர் கிர்ஸ்டன் டானும் அதற்கு முன் பல குறும்படங்கள் எடுத்தவர்தான்.

“எனக்கு ஒரு தொடர் கொடுங்கள்” என்று போய் நிற்காதீர்கள், சிரித்து அனுப்பிவிடுவார்கள். நாள் போதாமல், சில காட்சிகளைத் தனியாக எடுக்க இரண்டாம் யூனிட் என்று இன்னொரு குழுவைப் பிரிக்கும்போது, “தேக்கா சந்தைக் காட்சியை நான் எடுத்துவருகிறேன் அண்ணே” என்று கேளுங்கள். எடிட்டர் பக்கத்திலும் போய் உட்காருங்கள். இரண்டாம் யூனிட் இயக்குநர் என்று உங்கள் பெயர் திரையில் வரவேண்டும் என்பதை மட்டும் படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். முடிந்தபிறகு கேட்டால், டைட்டில் போட்டாகிவிட்டது என்பார்கள்.