இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக: சங்கடமான வசனங்களை வீட்டில் வாசிக்கும் முறை

திருகோணமலையில் முப்பத்தொரு வருஷம் தமிழ் படிப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஞாயிறு பாடசாலையில் வேதபாடம். இரண்டு வேலையும் எனக்கு ஒன்றுதான்: வரியை வாசி, சொல்லைப் பிரி, யார் யாருக்குச் சொன்னது என்று பார்.

போன வருஷம் மாசி மாதம் ஒரு பின்னேரம், உப்புவெளிக் கடற்கரையில் நடக்கும்போது தங்கச்சியின் மகன் நின்றுவிட்டான். "பெரியம்மா, எனக்குப் பெடியன்களைத்தான் பிடிக்குது. அம்மாட்ட சொல்ல ஏலாது. நீங்கள் பைபிள் தெரிஞ்ச ஆள், அதுதான் கேக்கிறன். எனக்கு நரகமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பொய்யாக ஒன்று சொல்லவும் மனமில்லை. "சனிக்கிழமை வீட்ட வா, வாசிச்சுப் பாப்பம்" என்றேன். அப்படி ஆறு சனிக்கிழமை வாசித்தோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி வந்தால் உதவட்டும் என்றுதான், நாங்கள் போன வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்ணுங்கள். வேதாகமம் முழுக்க இதைத்தான் கண்டிக்கிறது என்பது போலப் பிரசங்கத்தில் கேட்டிருப்போம். பொதுவாகக் காட்டப்படும் இடங்கள் ஏழு: ஆதியாகமம் 19, லேவியராகமம் 18:22, 20:13, ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9, 1 தீமோத்தேயு 1:10, யூதா 7. நான்கு சுவிசேஷங்களிலும் இயேசு இதைப் பற்றிப் பேசியதாக ஒரு வரி இல்லை. அதை மட்டும் வைத்து வாதம் கட்ட வேண்டாம். அவர் பேசாத விஷயங்கள் இன்னும் எவ்வளவோ உண்டு.

ஆனால் ஏழு இடங்களில் ஒன்றிலும் தொடங்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே சமாதானம் ஆகிவிட்ட ஒரு கஷ்டமான வசனத்தில் தொடங்குங்கள். நான் எடுத்தது 1 தீமோத்தேயு 2:12. உபதேசம் பண்ண ஸ்திரீக்கு உத்தரவு கொடுக்கிறதில்லை, அவள் அமைதலாயிருக்கவேண்டும் என்கிறார் அந்தக் கடிதத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுல். நானோ இருபத்தாறு வருஷமாக ஞாயிறு பாடசாலையில் வாய் ஓயாமல் உபதேசம் பண்ணுகிறேன்! போதகரும் ஒன்றும் சொன்னதில்லை. அது எபேசு சபையில் இருந்த ஒரு பிரச்சினைக்கு எழுதியது என்று எங்களுக்குள் எப்போதோ தீர்த்துக்கொண்டோம். எனக்குச் சாதகமான இடத்தில் இடமும் காலமும் பார்க்கிறவள், அவனுக்குப் பாதகமான இடத்தில் மட்டும் எழுத்துக்கு எழுத்து வாசிப்பது எந்த ஊர் நியாயம்?

எங்கள் வீட்டு வேலியில் நின்று பேசும் சைவக்கார ரீச்சருக்கும் இதையே வேறு விதமாகச் சொன்னேன். 'தெய்வந் தொழாஅள் கொழுநற் றொழுதெழுவாள்' குறளை வகுப்பில் படிப்பிக்கும்போது பின்வாங்கில் ஒரு பிள்ளை கை தூக்குவாள். அதற்காக யாரும் திருக்குறளைக் கடலில் எறிந்ததில்லை. அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பியதும் இல்லை.

அடுத்தது ஆதியாகமம் 19, தேவன் அழித்த சோதோம் ஊரின் கதை. இதை ஒரே இருப்பில் முழுதாக வாசியுங்கள். ஊர் ஆண்கள் லோத்தின் வீட்டை வளைத்துக்கொண்டு அவன் விருந்தாளிகளை வெளியே கொண்டுவரச் சொல்கிறார்கள். அது கூட்டு வன்புணர்ச்சி முயற்சி. அதற்குப் பதிலாகத் தன் இரண்டு பெண்பிள்ளைகளைத் தருகிறேன் என்கிறான் லோத்து. அதைப் பற்றி நம் மேடைகளில் பேச்சே இல்லை. பிறகு நியாயாதிபதிகள் 19ஐத் திறவுங்கள். கிபியாவில் அதே கதை, இம்முறை பலியாவது ஒரு பெண். அதை வைத்து ஆண் பெண் உறவே பாவம் என்று யாரும் சொல்வதில்லை. எசேக்கியேல் 16:49 சோதோமின் அக்கிரமம் என்னவென்று பட்டியல் போடுகிறது: கெர்வம், ஆகாரத்திரட்சி, கவலையற்ற சுகவாழ்வு, எளியவனின் கையைப் பலப்படுத்தாதது. அடுத்த வசனத்தில் 'அருவருப்பு' என்ற சொல்லும் வருகிறது. அதை மறைக்காதீர்கள்; பிள்ளை பிறகு தானே வாசித்துப் பிடித்துவிடுவான்.

லேவியராகமத்தில் எல்லோரும் ஓடிப்போய் எடுக்கும் பதில் இறால். 11ஆம் அதிகாரம் சிறகும் செதிளும் இல்லாத கடற்பிராணியை அருவருப்பு என்கிறது. கொட்டியாரக் குடா நண்டும் கணவாயும் சாப்பிட்டு வளர்ந்த நாங்கள் எல்லோரும் அதில் அகப்படுகிறோம். பெடியன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் இந்தப் பதிலில் ஒரு ஓட்டை உண்டு. தமிழில் இரண்டும் 'அருவருப்பு'தான், எபிரேயத்தில் நண்டுக்கு 'ஷெக்கெட்ஸ்', 18:22இல் 'தோஎவா'. வாதம் செய்கிறவர் விஷயம் தெரிந்தவரென்றால் அந்த இடத்திலேயே உங்களை மடக்கிவிடுவார். அதே 'தோஎவா' உபாகமம் 14:3இல் விலக்கப்பட்ட உணவுக்கும் வருகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் மட்டும் நண்டை மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

அதைவிட 18:3 உதவும். எகிப்தியரைப் போலவும் கானானியரைப் போலவும் நடக்காதே என்று, தனக்கென்று ஒரு அடையாளம் தேடிய சின்ன ஜனத்துக்குச் சொன்ன சட்டம் அது. 20:13 கொலைத்தண்டனை கேட்கிறது. தாய் தகப்பனைச் சபிக்கிறவனுக்கும் 20:9 அதையே கேட்கிறது. அந்தத் தண்டனையை இன்று எந்தப் போதகரும் கேட்பதில்லை. அப்படியென்றால் அவரும் வசனத்துக்கு உரை எழுதிவிட்டார். இந்த வசனத்தைப் பிள்ளையோடு வாசிக்கும் முன் நீங்கள் தனியாக ஒருமுறை வாசித்துவிடுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. சத்தமாக வாசிக்கத் தொடங்கிப் பாதியில் குரல் நின்றுவிட்டது. அவன் எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றான்.

தமிழ் ரீச்சர் வேலை மெய்யாகவே பயன்பட்டது 1 கொரிந்தியர் 6:9இல். நம் பழைய மொழிபெயர்ப்பில் 'சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்' என்று இருக்கிறது. முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'மலாக்கோய்'. நேர்ப்பொருள் 'மென்மையானவர்'. அதே சொல்தான் மத்தேயு 11:8இல் 'மெல்லிய வஸ்திரம்' என்று வருகிறது. இங்கே துணிக்கு 'மெல்லிய', அங்கே ஆளுக்குச் சுயபுணர்ச்சி! பழைய ஆங்கில வேதாகமம் அதைப் பெண்தன்மை உள்ளவர் என்று வைத்தது. 1946இல் வந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு இரண்டு சொல்லையும் ஒன்றாக்கித் தன்பாலீர்ப்பினரைக் குறிக்கும் நவீன சொல்லைப் போட்டது. 1971இல் அதையும் மாற்றினார்கள். ஒரு சொல் இப்படி உரைக்கு உரை மாறினால், பரீட்சை விடைத்தாளில் நான் 'பொருள் தெளிவில்லை' என்றுதான் எழுதுவேன்.

இரண்டாவது சொல் 'அர்செனோக்கொய்த்தாய்', 'ஆண்' 'படுக்கை' இரண்டும் சேர்ந்த தொகை. லேவியராகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த இரண்டு சொல்லும் அருகருகே இருக்கின்றன. பவுல் அங்கிருந்துதான் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அதனால் இந்தச் சொல்லுக்கும் நம் பிள்ளைகளுக்கும் தொடர்பே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. பவுல் கண்ட உலகத்தில் எஜமான் அடிமையைப் படுக்கைக்கு எடுப்பது சாதாரணம். 1 தீமோத்தேயுவிலும் இதே சொல்லுக்குப் பக்கத்தில் 'மனுஷரைத் திருடுகிறவர்கள்' நிற்கிறார்கள். அவர் மனதில் இருந்தது அதுவாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதற்கு மேலே நான் போகமாட்டேன்.

ரோமர்தான் கடினம். பெண்களையும் சேர்த்துச் சொல்வது அந்த ஒரு இடம்தான். 'சுபாவத்துக்கு விரோதமான' என்ற சொல்லைப் பென்சிலால் கோடிட்டுவிட்டு 11:24க்குப் போங்கள். காட்டொலிவக் கிளையைச் சுபாவத்துக்கு விரோதமாய் நல்ல மரத்தில் ஒட்டுகிறது யார்? தேவனே. 1 கொரிந்தியர் 11:14இல் ஆண் மயிர் வளர்ப்பது கனவீனம் என்று சொல்வதும் அதே 'சுபாவம்'. எங்கள் பாட்டனுக்குக் கடைசிவரை குடுமி இருந்தது. பிறகு ரோமருக்குத் திரும்பி 2:1 வரை நிறுத்தாமல் வாசியுங்கள். மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை என்று அங்கே திரும்புகிறது கத்தி.

இவ்வளவுக்குப் பிறகும் பவுல் இப்போது நம்மோடு இருந்தால் இதை ஒத்துக்கொள்வார் என்று நான் நம்பவில்லை. அவனிடம் அதைச் சொன்னேன். "அப்ப நீங்கள்?" என்றான். பவுலுக்கு உன்னைத் தெரியாது, எனக்குத் தெரியும் என்றேன். இது வேதவியாக்கியானம் இல்லை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

தங்கச்சிக்கு அவனே ஆடியில் சொன்னான். அவள் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை வந்து, "அக்கா, எசேக்கியேல்ல எந்த இடம் எண்டாய்?" என்று கேட்டாள். இப்போது வாசிக்கிறாள். எங்கே போய் நிற்பாள் என்று எனக்குத் தெரியாது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பிள்ளையின் பெயரை ஜெபக்குறிப்பில் எழுதிக் கொடுக்காதீர்கள். நம்மூரில் ஒரு சபையில் பெயர் சொல்லாமல் 'ஒரு வாலிபனின் விடுதலைக்காக' என்று கொடுத்தது, திங்கட்கிழமை சந்தைக்கு வந்துவிட்டது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில், தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இருக்கின்றன. 1995இல் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. சொன்னதால் மட்டும் சட்டம் மாறிவிடாது. ஆகவே யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவன் முடிவு. நான்கூட இதை எழுத முதல் அவனிடம் கேட்டேன். கடற்கரை என்று போடலாம், பெயர் வேண்டாம் என்றான்.