சோப் சேவை அனுப்பும் அரேயை ஜாவா கிளையன்ட்டில் கையாள்வது எப்படி

மணலி பக்கம் உள்ள ஒரு கண்டெய்னர் யார்டின் சர்வரிடம், இன்றைக்கு வெளியே போக வேண்டிய பெட்டிகளின் எண்களை சோப் (SOAP, எக்ஸ்எம்எல் செய்திகளாகத் தகவல் பரிமாறும் முறை) வழியாகக் கேட்கிறது உங்கள் புரோகிராம். தம்பு செட்டித் தெருவில் இருக்கும் கிளியரிங் ஏஜென்ட்டின் திரையில் அந்தப் பட்டியல் வர வேண்டும். சேவையின் குறிப்பில் 'ஸ்ட்ரிங் அரே' என்றிருக்கும். ஆனால் நெட்வொர்க்கில் வரும் எக்ஸ்எம்எல்லில் அரே என்று எதுவும் இருப்பதில்லை. ஓர் உறை எலிமென்ட், அதற்குள் திரும்பத் திரும்ப ஒரே பெயரில் வரும் எலிமென்ட்கள், அவ்வளவுதான்.

அதனால் கோடு (code) எழுதும் முன் ஸ்கீமாவை, அதாவது எக்ஸ்எம்எல்லின் அமைப்பைச் சொல்லும் வரையறையை, படியுங்கள். சேவையை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் (WSDL) ஃபைலோடு நிற்காமல், அது இம்போர்ட் செய்யும் எக்ஸ்எஸ்டி (XSD) ஸ்கீமா ஃபைல்களையும் திறக்க வேண்டும். பார்க்க வேண்டியவை: 'மேக்ஸ் அக்கர்ஸ்' (maxOccurs) அன்பவுண்டட், அதாவது எத்தனை முறையும் வரலாம், என்று எங்கே இருக்கிறது, 'மின் அக்கர்ஸ்' (minOccurs) பூஜ்யமா, அதாவது வராமலும் இருக்கலாமா, 'நில்லபிள்' (nillable, மதிப்பில்லை என்ற 'நில்' குறியோடு வரலாம்) உண்டா.

டபிள்யூஎஸ்டிஎல்லிலிருந்து ஜாவா கிளாஸ்களை உருவாக்கும் டபிள்யூஎஸ்இம்போர்ட் (wsimport) கருவி ஜாவா 8-இல் கூடவே வரும். ஜாவா 11-இல் எடுத்துவிட்டார்கள். அதுவோ அதற்குமேல் உள்ள பதிப்போ என்றால் மேவன் (Maven பில்டு கருவி) பிளகின் வழியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உருவான கிளாஸில் அரே இருக்காது, லிஸ்ட் இருக்கும். அதற்கு செட்டரும் இருக்காது. கெட்டர் தருவது நகல் அல்ல, உள்ளே இருக்கும் அதே லிஸ்ட். எதையாவது சேர்க்க வேண்டுமானால் அதை வாங்கி 'ஆட்' செய்யுங்கள். லிஸ்ட் இல்லையென்றால் கெட்டரே புதிதாக ஒன்றை உருவாக்கித் தந்துவிடும். எனவே லிஸ்ட் 'நல்' (null, எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) ஆக இருக்காது. பலர் இதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். 'நல்' ஆக வருவது லிஸ்ட் அல்ல, அதைச் சுற்றிய உறை.

'ஒன்றுமில்லை' என்பதை சர்வர் மூன்று விதமாகச் சொல்லலாம்: உறையையே அனுப்பாமல் விடலாம், 'நில்' குறியோடு அனுப்பலாம், வெறும் உறையை அனுப்பலாம். முதல் இரண்டிலும் உறையின் மேல் நேராகக் கெட்டரை அழைத்தால் நல் பாயின்டர் எக்ஸப்ஷன். டாட்நெட் சர்வர்கள் 'மின் அக்கர்ஸ்' பூஜ்யம், 'நில்லபிள்' இரண்டையும் சேர்த்தே வைப்பது வழக்கம். அப்போது உருவான கிளாஸுக்குள் இருக்கும் ஃபீல்டு, ஜேஏஎக்ஸ்பி (JAXB, எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்ட்களாக மாற்றும் லைப்ரரி) எலிமென்ட் என்ற இன்னோர் உறைக்குள் வரும். அதையும் பிரிக்க வேண்டும். 'ஒன்றுமில்லை' என்ற இந்த மூன்று விதத்தையும் காலி லிஸ்டாக மாற்றும் ஒரே மெத்தடை எழுதி, எல்லா இடத்திலும் அதையே அழையுங்கள். அழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் நல் செக் போட்டால் ஏதோ ஓர் இடத்தில் விட்டுப்போகும்.

லிஸ்டின் நடுவிலும் நல் வரலாம். உள்ளே உள்ள எலிமென்ட் நில்லபிளாக இருந்தால் போதும். கண்டெய்னர் எண் என்றால் நான்கு எழுத்து, ஏழு இலக்கம், மொத்தம் 11. 'நல்' மதிப்புகளை வடிகட்டி, முன்பின் ஸ்பேஸை நீக்கி, நீளத்தையும் பார்த்த பிறகே திரைக்கு அனுப்புங்கள். உண்மையான அரேதான் வேண்டுமென்றால் கடைசியில் 'டு அரே' மெத்தடில் மாற்றிக்கொள்ளலாம்.

சர்வர் டேட்டா அனுப்புகிறது, லிஸ்டோ காலி, எக்ஸப்ஷனும் இல்லை. இதுதான் ஆளைச் சுற்றவிடும் தொல்லை. முதலில் நேம்ஸ்பேஸை (எலிமென்ட் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம்) சந்தேகியுங்கள். ஸ்கீமா சொல்லும் நேம்ஸ்பேஸும் வந்த எக்ஸ்எம்எல்லில் உள்ளதும் ஓர் எழுத்து மாறினாலும் ஜேஏஎக்ஸ்பி அந்த எலிமென்டைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எச்டிடிபி டம்ப்பை (போய்வரும் செய்திகளை அப்படியே அச்சிட்டுக் காட்டும் வசதி) ஆன் செய்து, வந்த எக்ஸ்எம்எல்லை ஸ்கீமாவோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். சர்வர் பக்கம் மாற்றியிருந்தால் புது டபிள்யூஎஸ்டிஎல் வாங்கிக் கிளாஸ்களை மறுபடி உருவாக்குங்கள். உருவான கோடில் கை வைக்க வேண்டாம், அடுத்த முறை உருவாக்கும்போது அழிந்துவிடும்.

பைட் அரே மட்டும் தனி ரகம். அது திரும்பத் திரும்ப வரும் எலிமென்ட்களாக வராது, பேஸ்64 (பைட்களை எழுத்துகளாக மாற்றும் முறை) உரையாக ஒரே எலிமென்டில் வரும். ஜாவாவிலும் நேராக பைட் அரேயாகவே கிடைக்கும்.

மிகப் பழைய சேவைகள் ஆர்பிசி என்கோடட் (RPC/encoded) என்ற பழைய சோப் பாணியில் இருக்கும். டபிள்யூஎஸ்இம்போர்ட் அதை ஏற்காமல் பிழை காட்டி நின்றுவிடும். ஆக்ஸிஸ் 1 (Axis 1) என்ற பழைய சோப் கருவியில் உருவாக்கினால் அங்கே நிஜமான ஜாவா அரேயே வரும், ஆனால் அந்த அரேயே 'நல்' ஆகவும் வரக்கூடும். அந்தக் கோடை ஒரு தனி மாடியூலில் ஒதுக்கி, வெளியே லிஸ்டை மட்டும் கொடுங்கள்.