சிவராத்திரி விரதம்: இரவுக்கு முன்னும் பின்னும் நேரும் தவறுகள்

மகா சிவராத்திரி விரதம் என்றதும் எல்லோரும் நள்ளிரவைப் பற்றியே பேசுகிறார்கள். விரதம் கெடுவதோ பெரும்பாலும் முந்தின நாளிலும் மறுநாள் காலையிலும். கண் விழிக்கும் வைராக்கியம் பலருக்கும் இருக்கிறது. உடம்பை அதற்குப் பழக்கும் பொறுமையும், விரதத்தை முடித்துக்கொள்ளும் நிதானமும்தான் குறைவு.

முதலில் தேதி. நாட்காட்டித் தாளில் ‘திரயோதசி’ (பதின்மூன்றாம் திதி) என்றிருப்பதைப் பார்த்து, சிவராத்திரிக்குரிய சதுர்தசி (பதினான்காம் திதி) நாளைக்குத்தானே என்று ஒரு நாள் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. மற்ற பல விரதங்களுக்குச் சூரிய உதயத்தில் இருக்கும் திதி கணக்கு. சிவராத்திரிக்கு நள்ளிரவில் இருக்கும் திதி. 2026-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: பிப்ரவரி 15, ஞாயிறு காலையில் திரயோதசி, மாலையில்தான் சதுர்தசி பிறந்தது. திங்கள் மாலையில் அது முடிந்து அமாவாசை வந்துவிட்டது. எனவே ஞாயிறு இரவுதான் சிவராத்திரி.

முந்தின நாள் ஒருவேளை மட்டும் உண்ண வேண்டும் என்பது மரபு. நடைமுறையில் அன்று இரவுதான், “நாளைக்குச் சாப்பிட முடியாதே” என்று பரோட்டாவும் பிரியாணியும் வயிற்றுக்குள் போகின்றன. இப்படி நிரப்பிக்கொண்டால் மறுநாள் பசி தாமதமாகாது. தாகமும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காப்பிப் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு சங்கடம். அன்றைக்கு மட்டும் சட்டென நிறுத்தினால் பிற்பகலில் மண்டையிடி தொடங்கிவிடும். பழி விரதத்தின் மேல் விழும். சில நாட்களுக்கு முன்பிருந்தே அளவைக் குறைத்துக்கொண்டு வருவது நல்லது.

வில்வம் பறிப்பதிலும் இதே அவசரம். சதுர்தசி, அமாவாசை, திங்கட்கிழமை போன்ற நாட்களில் வில்வம் பறிக்கலாகாது என்பது வழக்கம். ஆனால் சிவராத்திரி அன்று மாலை போய்ப் பாருங்கள், கிளையையே ஒடித்துக்கொண்டிருப்பார்கள். முதல் நாளே பறித்து வைக்கலாம். வில்வத்துக்கு வாடல் தோஷம் கிடையாது. கிடைக்காவிட்டால், ஏற்கெனவே சாத்திய இலையைக் கழுவி மறுபடியும் சாத்தலாம் என்றுகூட அனுமதி இருக்கிறது. மூன்று இதழும் முழுதாக இருந்தால் போதும்.

இனி உணவு. முழுப் பட்டினி, நீர் மட்டும், பால் பழம், ஒருவேளைப் பலகாரம் எனப் பல படிகள் இருக்கின்றன. எது இயலுமோ அதைக் காலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். முழுப் பட்டினி என்று தொடங்கி, மதியம் பழத்துக்கு இறங்கி, இரவு ஒன்பது மணிக்கு ஜவ்வரிசி உப்புமாவும் வடையும் தட்டு நிறைய உண்பது நம் வீடுகளில் சாதாரணம். சோறு தொடவில்லை என்ற திருப்தி மட்டும் அதில் உண்டு. எண்ணெயும் மாவுச்சத்தும் சேர்ந்து, இரவின் நான்கு காலப் பூசைகளில் இரண்டாம் காலத்திலேயே கண்ணைச் சொக்க வைத்துவிடும். தண்ணீரையும் விடுவது உடல்நலம் உள்ளவர்களுக்கே சிரமம். குமரி மாவட்டத்தில் பன்னிரண்டு சிவன் கோயில்களையும் கால்நடையாகச் சுற்றும் சிவாலய ஓட்டத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். அதில் நீரை மறுப்பது பக்தியே அல்ல என்பேன்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், பேச்சில் குழறல் வரும். மற்ற நாளில் இதைக் கண்டால் பதறுவார்கள்; சிவராத்திரி இரவில் சுற்றியிருப்பவர்கள் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடுவார்கள். ஆபத்து அங்கேதான். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு. மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர், நோயாளிகள் உண்டுவிட்டு வழிபடுவதில் எந்தக் குறையும் இல்லை.

விழிப்புக்கு வருவோம். இரவு நான்கு காலம், ஒவ்வொன்றும் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். ஒருகாலத்தில் இந்த இரவுக்கென்றே திரையரங்குகளில் விடிய விடியப் படம் ஓடியது. இப்போது கைப்பேசி அந்த வேலையைச் செய்கிறது. படம் பார்த்தால் பாவம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் விழித்திருப்பது வேறு, விரதமாக விழித்திருப்பது வேறு. சும்மா உட்கார்ந்து ஜபித்தால் தூங்கிவிடுவோம் என்ற பயத்தில்தான் பலர் படத்துக்குப் போகிறார்கள். வாய்விட்டுப் படியுங்கள். சிவபுராணம் 95 அடிதான். நாலைந்து பேர் முறை வைத்துத் திருவாசகம் முற்றோதினால் பல மணி நேரம் தெரியாமல் போகும். இடையிடையே எழுந்து பிரகாரம் சுற்றலாம்.

சிவன் லிங்கத்தில் வெளிப்பட்டதாகச் சொல்லப்படும் நள்ளிரவு வேளையான லிங்கோத்பவ நேரத்தில் எல்லோரும் மூலவர் சந்நிதியில் முட்டி மோதுகிறார்கள். லிங்கோத்பவர் இருப்பது கருவறையின் பின்புறச் சுவரில். அங்கே பெரும்பாலும் நெரிசலில்லாமல் நின்று வணங்கலாம். அது முடிந்ததும் பாதிக் கூட்டம் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. மூன்று மணிக்கு மேல் உடம்பின் வெப்பம் தாழ்ந்து தூக்கம் மிகவும் அழுத்தும் வேளை. நான்காம் காலம் அதில்தான் வருகிறது. விழிப்பின் கடினமான பகுதி அதுவே என்பதால், முழு இரவும் முடியாதவர்கள் மாலையில் சற்று உறங்கி எழுந்து மூன்றாம், நான்காம் காலங்களுக்கு வருவது நல்லது என்பது என் கருத்து. வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தென் மாவட்டங்களில் இந்த இரவு குலதெய்வத்துக்கு உரியது. மாசிக்களரி என்னும் குலதெய்வ வழிபாட்டுக்கு வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். ஓட்டுகிறவரும் பங்காளிகளில் ஒருவர், அவரும் விரதம், அவரும் விழிப்பு. விடியற்காலையில் அவரிடமே சாவியைக் கொடுக்கிறோம். வண்டி ஓட்டுகிறவர் உண்டு உறங்கியிருக்க வேண்டும், அல்லது உறங்கி எழுந்த பிறகே கிளம்ப வேண்டும். இருசக்கர வாகனத்தில் தனியாகத் திரும்புகிறவர்களுக்கும் இதே விதிதான்.

பாரணையில், அதாவது விரதத்தை முடித்து உண்பதில், அவசரம் வேண்டாம். நான்காம் காலம் முடிந்து, குளித்து, வழிபட்டு, முடிந்தால் ஒருவருக்காவது உணவளித்துவிட்டுச் சாப்பிடுவது முறை. முதலில் நீரும் பழமும் அல்லது கஞ்சி. சற்றுக் கழித்து இட்லி, மிளகு ரசம் விட்ட சோறு. பூரிக்கிழங்கும் வெறும் வயிற்றில் கடுங்காப்பியும் மதியத்துக்குள் வயிற்றைப் பதம் பார்த்துவிடும். மறுநாள் பகலில் தூங்கவே கூடாது என்ற விதியைப் பலர் பிடிவாதமாகக் காக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் காக்கலாம். தமிழ்நாட்டில் சிவராத்திரிக்கு அரசு விடுமுறை கிடையாது. இயந்திரத்தின் முன்னோ உயரத்திலோ வேலை செய்கிறவர்கள் மறுநாளுக்கு முன்பே விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.