லூஸ் என்று வந்தால் எதிர்ச்சொல்லைத் தேடுங்கள்

பினாங்கில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் லூஸ் என்ற சொல்லைக் கண்டதும் யோசிக்காமல் ‘தளர்வான’ என்று எழுதிவிடுகிறார்கள், பாதி இடங்களில் அது ஒட்டுவதே இல்லை. நான் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்றுதான். அந்த வாக்கியத்தில் லூஸுக்கு எதிர்ச்சொல் என்ன என்று முதலில் கேளுங்கள், தமிழ்ச் சொல் தானாக வரும்.

லெபோ பசார் தெருவில் ஒரு பூக்கடை முன்னால் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தொடுத்த மல்லிகைச் சரம், இன்னொரு பக்கம் நிறுத்துக் கொடுப்பதற்காகக் குவித்த பூ. குவியலைத்தான் ஆங்கிலத்தில் லூஸ் ஃப்ளவர்ஸ் என்பார்கள். எதிர்ச்சொல் ‘தொடுத்தது’, அப்படியென்றால் இது உதிரிப்பூ. தளர்ந்த பூ என்று கேட்டால் வாடிய பூவைக் கேட்கிறீர்களோ என்று கடைக்கார அக்கா திகைத்துப்போவார். பாக்கெட்டில் அடைக்காத தேயிலையும் உதிரிதான். லூஸ் சேஞ்ச் நோட்டுக்கு எதிர், அதனால் சில்லறை.

சட்டை என்று வந்தால் எதிர்ச்சொல் ‘இறுக்கம்’, அதாவது மலாயில் கெத்தாட். அப்படியானால் லூஸ் சட்டை தொளதொள சட்டை. கயிறு தொய்கிறது, முடிச்சு அவிழ்கிறது, பல் ஆடுகிறது, நாய் கட்டவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது, மண் பொலபொலவென்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே லூஸ்! பழைய நோர்ஸ் மொழியின் ‘லௌஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது இது, ஹோம்லெஸ், கேர்லெஸ் என்பவற்றின் கடைசியில் வரும் ‘லெஸ்’ இதற்கு உறவு. ஏதோ ஒன்றிலிருந்து விடுபட்டது என்பதுதான் அடிப்படை.

ஆட்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். நாம் ‘அவ ஒரு லூசு’ என்றால் கிறுக்கு என்று அர்த்தம். அதையே ஆங்கிலத்தில் ஷி இஸ் லூஸ் என்று சொன்னால் அவள் ஒழுக்கத்தைப் பழிப்பதாகத்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார், அதுவும் வேலை இடத்தில் மலாய், சீன நண்பர்கள் முன்னால் வாய்தவறி வந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு வலிக்கும். நம் அர்த்தத்துக்கு ஆங்கிலத்தில் இருப்பது ஸ்க்ரூ லூஸ், தமிழில் ‘மரை கழன்றது’ என்கிறோமே, அதேதான். மனநோய் உள்ளவரை நோக்கி எந்த மொழியிலும் இதைச் சொல்லாதீர்கள்.

கிளினிக்கில் லூஸ் மோஷன் என்பதைவிட டயரியா என்றோ மலாயில் சிரித்-பிரித் என்றோ சொன்னால் எல்லாருக்கும் சட்டென்று புரியும்.

அப்புறம், தொலைப்பதைக் குறிக்கும் லூஸ் இருக்கிறதே, அதற்கு ஒற்றை ஓ, இதற்கு இரட்டை ஓ. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். தொண்டையில் இரண்டு விரலை வைத்து இரண்டையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி ஒலியில் வண்டு மாதிரி அதிர்ந்தால் அது தொலைப்பது, வெறும் காற்று மட்டும் வந்தால் தொளதொள.