பிளஸ் டூவுக்குப் பின் கல்லூரியில் சேருவதா என்று முடிவெடுப்பது எப்படி?

தேர்வு முடிவு வந்ததும் "எந்தக் காலேஜ்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அதற்கு முன்பு, செய்ய விரும்பும் வேலைக்குப் பட்டம் தேவைதானா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் பட்டமின்றி வழியில்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 2 பணிகளுக்குப் பட்டம் கேட்கப்படுகிறது; குரூப் 4 பணிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்ற தொழில்களுக்கு ஐடிஐ சான்றிதழும், அதன் பின் ஒரு தொழிற்சாலையில் பெறும் அப்ரண்டிஸ் பயிற்சியும்தான் முக்கியம்.

பலரும் கவனிக்காத ஒரு வழி பாலிடெக்னிக். கணிதம், இயற்பியல், வேதியியல் படித்துத் தேறியவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் டிப்ளமோ பெறலாம்; விரும்பினால் அதன் பின் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். நேராகப் பொறியியல் படிப்பதைவிட ஓராண்டுதான் கூடுதலாகும். இடையில் வேலைக்குப் போக வேண்டிய நிலை வந்தாலும் கையில் ஒரு தகுதி இருக்கும். படிப்பில் நாட்டம் இருந்தும் வீட்டுநிலை உறுதியாக இல்லாதவர்களுக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன்.

பணமில்லை என்பதற்காகக் கல்லூரியைக் கைவிடும் முன், கிடைக்கக்கூடிய உதவிகளை விசாரித்துவிடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

கடன் வாங்கித்தான் படிக்க வேண்டுமென்றால், காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 லட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டியில் 10 ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 6,600 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியும் சேர்ந்தால் இன்னும் கூடும். அந்தப் படிப்பை முடித்தவர்களுக்கு உண்மையில் என்ன சம்பளம் கிடைக்கிறது என்பதை விளம்பரப் பலகையிலிருந்து அல்லாமல், அந்தக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களிடமும் சென்ற ஆண்டு முடித்தவர்களிடமும் கேட்டறியுங்கள். அந்தச் சம்பளத்தில் தவணை போக, ஊரைவிட்டு ஊர் வந்து வாழப் பணம் மிஞ்சாது என்று தெரிந்தால், நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்காகக் கடன்படாமல் அரசு கலைக் கல்லூரியையோ பாலிடெக்னிக்கையோ தேர்ந்தெடுப்பதே நல்லது.

உடனடியாகச் சம்பாதித்தாக வேண்டிய குடும்பம் என்றால், வேலையில் சேர்ந்துகொண்டே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கலாம். ஆனால் மகனுக்காகச் சேமித்துவிட்டு, "பெண்ணுக்கு எதற்கு?" என்று மகளின் படிப்பை நிறுத்துவதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது.

எங்கே சேர்ந்தாலும் அசல் மதிப்பெண் சான்றிதழைச் சரிபார்த்தபின் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். கல்லூரிகள் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியுள்ளது.