வட்டு எறிதலில் சர்வதேச அளவுக்கு உயர விரும்புவோருக்கு

வட்டு எறிதலில் நெடுங்காலம் நிலைக்க விரும்பும் இளைஞர், எடை கூடிய வட்டைக் கையில் எடுப்பதற்கு அவசரப்படக் கூடாது. ஆண்களுக்கு 18 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 1.5 கிலோ, 20 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 1.75 கிலோ, அதன் பின் 2 கிலோ என்று விதிகளே படிகளை வகுத்துள்ளன. பெண்களுக்கு இப்பிரிவுகள் அனைத்திலும் 1 கிலோதான். 2.50 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் சுழன்று, கால்களிலும் இடுப்பிலும் பிறக்கும் வேகத்தைக் கடைசிக் கணத்தில் கைக்குக் கடத்துவதே இந்த நுட்பம். பழகாத எடை வந்தவுடன் கை முந்திக்கொள்ளும், அந்தப் பழக்கத்தைப் பின்னாளில் மாற்றுவது மிகவும் கடினம்.

அடுத்து, தன் தூரத்தை நேர்மையாக மதிப்பிடக் கற்க வேண்டும். எதிர்க்காற்று வட்டைத் தாங்கி உயர்த்துவதால், திறந்தவெளி மைதானத்தில் பல மீட்டர்கள் கூடுதலாகக் கிடைக்கலாம். இப்போட்டியில் காற்றின் வேகத்துக்கு வரம்பும் இல்லை. லிதுவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா, 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் காற்றுக்குப் பெயர்பெற்ற ரமோனாவில் 74.35 மீட்டர் எறிந்து, 1986 முதல் நிலைத்திருந்த உலக சாதனையை முறியடித்தார். ஆனால் அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் எறிந்தது 69.97, ஜமைக்காவின் ரோஜே ஸ்டோனா 70.00 மீட்டருடன் தங்கத்தைக் கொண்டு சென்றார். இந்திய வீராங்கனை கிருஷ்ணா பூனியா 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றதும் தன் வாழ்நாளின் சிறந்த எறிதலால் அல்ல, 61.51 மீட்டரால்தான்.

ஆகவே பயிற்சிக் குறிப்பேட்டில் அதிகபட்சத் தூரத்தோடு, காற்று அடங்கிய நாளில் முதல் மூன்று எறிதல்களின் தூரத்தையும் தனியே எழுதுங்கள். பெரிய போட்டிகளின் தகுதிச் சுற்றில் கிடைப்பவை மூன்றே வாய்ப்புகள். இறுதிச் சுற்றிலும் முதல் மூன்றுக்குப் பின் முன்னணியில் இருப்பவர்களே தொடர்வார்கள். வாரத்தில் ஒரு நாளாவது, உடலைச் சூடேற்றியபின் சற்று நேரம் காத்திருந்து, மூன்று முறை மட்டும் எறிந்துவிட்டு அன்றைய பயிற்சியை முடித்துக்கொள்வது நல்லது. எனக்குத் தெரிந்தவரை இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறில்லை.

இருமல் மருந்தானாலும் சத்துப்பொடியானாலும், தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலை விளையாட்டு மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்த பின்னரே உட்கொள்ள வேண்டும். உடலுக்குள் சென்ற பொருளுக்கு வீரரே பொறுப்பு என்பது விதி; தெரியாமல் நடந்தது என்ற விளக்கம் தண்டனையைக் குறைக்கலாமே தவிர, அந்தப் போட்டியின் முடிவைக் காப்பாற்றாது.